கல்லுக்கடியில் கரி இல்லை

“எல்லைப் பத்திரத்தை எடுத்துக் காட்டுங்க. பதினேழாம் கல்லு எந்த எடத்துல இருக்கணும்னு அதுல எழுதியிருக்கும் இல்ல? அதை நான் பாக்கணும்.”

நெட்டப்பாக்கம் மேரியில், எழுத்தர் ஆதிமூலத்தின் மேசைக்கு முன்னால் நின்று இதைக் கேட்டேன். கொம்யூன் என்கிற ஊராட்சியின் அலுவலகத்தை எங்கள் பக்கத்தில் மேரி என்றுதான் சொல்வார்கள். கேட்கவே கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்த ஒரே விஷயம் இது. எட்டு வயதில் என்னைப் புதுச்சேரிக்கு, கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி விடுதிக்கு வண்டியேற்றிய அன்று, காதைப் பிடித்துத் திருகிச் சொன்னாள். “யாரு இன்னா கேட்டாலும் கல்லப் பத்தி வாயத் தொறக்காத. அது எப்ப வந்தது, யாரு நட்டது, எந்தப் பேப்பர்ல இருக்குதுன்னு நீயும் எவங்கிட்டயும் கேக்காத.” வலியில் சரி என்றேன். பதின்மூன்று வருடம் கேட்கவில்லை.

ஆதிமூலம் பேனாவை மசிக்கூட்டில் வைத்தார். நாலு மாதமாக நான் வந்து நின்றபோதெல்லாம் எழுதிக்கொண்டேதான் பதில் சொல்வார். இன்றுதான் வைத்தார்.

“பத்திரம்னு ஒண்ணு இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?”

“எல்லை இருந்தா பத்திரம் இருக்கும். இதுக்கு யாருனா சொல்லணுமா?”

“உங்கம்மா சொன்னாளா?”

என் அம்மா சின்னபொண்ணுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அவளை எதற்கு இந்தப் பேச்சில் இழுக்கிறார்? அந்த நிமிடத்திலிருந்துதான் எனக்கு எல்லார்மேலும் சந்தேகம் வந்தது.

என் காரியம் சின்னக் காரியம். ஆசிரியை வேலைக்குத் தகுதி தரும் பிரவே என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் தேறியிருந்தேன். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பண்டசோழநல்லூர் பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. எனக்குத்தான் என்று கடிதமும் வந்துவிட்டது. பிரெஞ்சு மண்ணில் பிறந்து பிரெஞ்சு மண்ணில் குடியிருப்பவள் என்று மேர் கையெழுத்துப் போட்ட சான்று ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமைக்குள் அதைக் கொடுக்காவிட்டால் வேலை அடுத்தவளுக்கு. எங்கள் கொம்யூனுக்கு மேர், அதாவது தலைவர், சிவப்பிரகாசம். அவர் கையெழுத்துக்காக நாலு மாதமாக நடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் முத்திரை இல்லை என்றார்கள். ஒருநாள் மேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். இன்றைக்குப் புதிதாக ஒன்று: “உங்க வூடு எல்லையோரம் இல்ல? அது பிரெஞ்சு பக்கந்தானான்னு மேருக்கு ஒரு சந்தேகம்.” அதற்குத்தான் பத்திரத்தைக் கேட்டேன்.

“பத்திரம் புதுச்சேரியில இருக்குது. நீ போ. வியாழக்கிழமை ரெண்டு சர்க்கார் அதிகாரிங்களும் கல்லுங்களச் சரிபாக்க வராங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பேச்சு வேணாம்.”

“அவங்க எதுக்கு வராங்க?”

“இங்கிலீசுக்காரன் சுங்கச் சாவடி போடப் போறான். எங்க போடறதுன்னு தெரிய வேணாமா? போ போ.”

தாழ்வாரத்தில் கலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மேரி திறக்கிற நாளெல்லாம் அவள் அங்கே இருப்பாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். புருஷன் செத்து இருபது வருடம் ஆகிறது. மேரின் கரும்புக் கொல்லைக்கு நடுவில் தன்னுடைய நாற்பது குழி நிலம் இருக்கிறது என்று சொல்வாள். இங்கிலீஷ் தாசில்தாரிடம் போனால், அந்த நிலம் பிரெஞ்சு பக்கம் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்பார்கள். இங்கே வந்தால், உன் பட்டா இங்கிலீஷ் பட்டா, அங்கே போ என்பார்கள். அவளுக்குப் பைத்தியம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

“கேளுடி, நல்லா கேளு,” என்றாள் என்னைப் பார்த்து. “நான் கேட்டதுக்குப் பைத்தியம்னு பேரு வெச்சாங்க. நீ படிச்ச பொண்ணு. உனக்கு இன்னா பேரு வெக்கறாங்கன்னு பாப்போம்.”

கரியமாணிக்கத்துக்கு நடந்தேன். எங்கள் ஊரைச் சுற்றிப் பிரெஞ்சு மண்ணும் இங்கிலீஷ் மண்ணும் கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்டதுபோல மாறி மாறிக் கிடக்கும். ஏர் ஓட்டினால் மாடு ஒரு சர்க்காரில் நிற்கும், ஓட்டுகிறவன் இன்னொன்றில் நிற்பான். எங்கள் வீடு ஊருக்கு மேற்கே, கடைசி. வீட்டுக்கு மேற்கே முப்பது அடியில் பதினேழாம் கல். இடுப்பளவு கருங்கல், இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் ஒரு எழுத்து. அதைத் தாண்டினால் இங்கிலீஷ் எல்லை. வீட்டுக்குக் கிழக்கே மேரின் கரும்புக் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் ஓர் ஒதிய மரம், அதற்கப்புறம்தான் ஊர்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே மேரின் வில்வண்டி எங்கள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் இருந்து சிவப்பிரகாசம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நாலு மாதமாக மேரியில் கண்ணில் படாத மனுஷன்.

அம்மா கிணற்றடியில் நின்றிருந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன். அவரு எதுக்கு வந்தாரு?”

“தண்ணி குடிக்க.”

“மேர் நம்ம வூட்டுல தண்ணி குடிச்சாரா?”

“குடிச்சாரு. சொம்பைக் கழுவி வெச்சிருக்கறேன், போயிப் பாரு.”

மேர் வீட்டு ஆட்கள் எங்கள் வாசல் நிழலில் நின்றுகூட நான் பார்த்ததில்லை. சொம்பு கழுவித்தான் இருந்தது. சொம்பு கழுவியிருந்தால் தண்ணீர் குடித்தார் என்று ஆகிவிடுமா? அம்மாவும் அவரும் ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள், என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

அப்போது நான் போட்ட கணக்கு இதுதான். மேர் தன் அண்ணன் மகளை அந்த வேலையில் வைக்கப் பார்க்கிறார். அதற்காக எங்கள் வீட்டை எல்லைக்கு வெளியே தள்ளப் போகிறார். வியாழக்கிழமைக்குள் கல்லை இரண்டு ஆட்களை வைத்துக் கிழக்கே நகர்த்திவிட்டால் போதும், நான் இங்கிலீஷ்காரி ஆகிவிடுவேன். அதனால் கல் எங்கே இருக்க வேண்டும் என்று பத்திரம் இல்லாமலே தெரிந்த ஆள் ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

அப்படி ஓர் ஆள் இருந்தார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுமுன் எங்கள் ஊரில் எல்லை கட்டுவார்கள். சம்மந்தம் மாமா மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லை முழுதும் ஒரு சுற்று நடப்பார். அவர் நடந்த கோட்டுக்கு உள்ளே இருப்பதை ஆத்தா காப்பாள். வெளியே இருப்பவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் அப்பாவும் நடந்தார், தாத்தாவும் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவரை வாய்க்காலில் பிடித்தேன். எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, எல்லை கட்டும்போது மேற்கால எந்த எடத்துல திரும்புவீங்க?”

“ஒதிய மரத்தாண்ட.”

“கல்லாண்ட இல்லையா?”

“கல்லு சர்க்காரோடது. நான் எதுக்கு அத்தப் பாத்து நடக்கணும்? எங்கப்பன் திரும்புன எடத்துல நான் திரும்பறேன். எங்கப்பன் கரியப் பாத்துத் திரும்புனாரு.”

“இன்னா கரி?”

எருமையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இத்தினி படிச்சியே, இது சொல்லிக் குடுக்கலியா? எல்லைக் கல்லு நடணும்னா மொத நாளே குழி வெட்டி, அடுப்புக் கரி, ஓட்டாஞ்சில்லு, உமி எல்லாம் போட்டு, ரெண்டு ஊருக்காரனும் நின்னு ஆத்தாளுக்குப் படைச்சு மூடுவாங்க. மறுநாளு அது மேல கல்லு நிக்கும். கரி மக்காது. கல்ல எவனாவது பெயர்த்துக்கினு பூட்டாலும் கரி காட்டிக் குடுத்துடும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதெல்லாம் நீ ஏன் கேக்கற? உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

எல்லாரும் இதையே கேட்டார்கள்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. ஒதிய மரம் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அல்லவா இருக்கிறது? அங்கே எல்லை திரும்பினால் எங்கள் வீடு எந்தப் பக்கம்? சின்ன வயதில் விடுமுறைக்கு வரும்போது பார்த்தது நினைவுக்கு வந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் வாசலில் நின்றே சம்மந்தத்தின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்மா மட்டும் குடத்தோடு கரும்புக் கொல்லையைச் சுற்றிக்கொண்டு ஒதிய மரம் வரைக்கும் போவாள். பக்தி அதிகம் என்று நினைத்திருந்தேன். பக்தி இல்லை. சம்மந்தம் எங்கள் வாசலுக்கு வந்ததே கிடையாது.

சம்மந்தம் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கடப்பாரையை எடுத்தேன். உச்சி வேளை. கரும்பு வெட்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முதலில் பதினேழாம் கல்லடியில் பக்கவாட்டில் தோண்டினேன். ஒரு முழம் தோண்டினேன், இரண்டு முழம் தோண்டினேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தும், ஒரு துண்டு கரி, ஒரே ஒரு துண்டு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தோண்டினேன். கல்லுக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். செம்மண்தான். புழுகூட இல்லை.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஒதிய மரத்துக்குப் போனேன். மரத்துக்கு மேற்கே, சம்மந்தம் வருடா வருடம் மிதித்து மிதித்துப் புல் முளைக்காத ஒரு திட்டு இருந்தது. அங்கே முழங்கை ஆழத்தில் கடப்பாரை சில்லில் பட்டது. பானை ஓடு. அதன்கீழே ஈரக் கரி, கை நிறைய.

அங்கே உட்கார்ந்து மேற்கே பார்த்தேன். மேரின் கொல்லை முழுதும் வெளியே. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. வெளியே. கல்லை இனிமேல்தான் யாரோ நகர்த்தப் போகிறார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நான் பிறக்கும் முன்பே நகர்த்தியாகிவிட்டது.

அம்மா கேணிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் கழுவாமலே போய் எதிரில் நின்றேன். கையைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

“ஒதிய மரத்தாண்டயா?”

“ஆமாம்.”

“மூடிட்டியா?”

“மூடிட்டேன். யாரு நகத்துனது?”

“நாங்கதான்.” ஏதோ களை பிடுங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். “உங்கப்பன், நான், இன்னும் ரெண்டு பேரு. அவங்க ரெண்டு பேரும் இப்ப இல்ல, உங்கப்பனும் இல்ல.”

என் அப்பா பச்சையப்பன் மேர் குடும்பத்துக்குப் பயிர் வைத்துக் கொடுத்தவர். நான் பள்ளியில் இருந்தபோது பாம்பு கடித்துச் செத்தார்.

“கரி போட்டு மூடின அன்னிக்கு ராத்திரி பேய் மழை,” என்றாள். “மறுநாள் வண்டி வண்டியா கல்லு வந்துது. ரெண்டு துரைங்களும் வந்தாங்க, பிரெஞ்சு ஒருத்தன், இங்கிலீசு ஒருத்தன். முழங்கால் சேறு. சத்திரத்துலயே உக்காந்துக்கினு ஆளுக்கு ஒரு சேவகன அனுப்பினாங்க. அவனுங்க சேத்துல எறங்குவானுங்களா? ரெண்டு பேரும் சாராயக் கடையில எறங்கிட்டானுங்க. கல்ல நாங்கதான் சொமந்தோம். அப்ப இந்த மேரோட அப்பாரு வந்தாரு. கரும்புக் கொல்லைக்கு அந்தாண்ட கொண்டுபோயி நடுங்கடான்னாரு. அவரு கொல்லை முச்சூடும் பிரெஞ்சு பக்கம் வரணுமாம்.”

“நட்டீங்க.”

“கொல்லைக்கு அந்தாண்ட நட்டா நம்ம வூடு அம்போன்னு வெளிய நிக்குது. உங்கப்பன் சொன்னான், அவருக்காக இவ்ளோ தூரம் சொமந்துட்டோம், நமக்காக இன்னும் கொஞ்ச தூரம் சொமந்தா தோளு தேஞ்சா பூடும்னு. வூட்டுக்கு அந்தாண்ட கொண்டாந்து போட்டோம். பெரியவரு பாத்தாரு, சிரிச்சாரு. அவருக்கு இன்னா நஷ்டம்?”

“எனக்காகவா செஞ்சீங்க? நான் பிரெஞ்சு பக்கம் பொறக்கணும்னா?”

“உனக்காகவா?” அம்மாவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். “இந்தக் கெணத்துக்காக. நானும் அவனும் தனியா வெட்டினோம். இங்கிலீசு கணக்குல இந்த எடம் புறம்போக்கு. கெணத்தத் தூர்த்துட்டு எழுந்து போன்னு கர்ணம் வந்து சொல்லிட்டுப் போயிருந்தான்.”

“கரிய ஏன் வுட்டீங்க? அதையும் எடுத்திருந்தா இன்னிக்கு ஒருத்தருக்கும் தெரியாது.”

“பெரியவரும் எடுங்கன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னு உங்கப்பன் கையப் புடிச்சிக்கினேன். ஆத்தாளுக்குப் படைச்சுப் பொதைச்சத தோண்டினா வயித்துல இருக்கறது தங்காது. உனக்கு முன்னாடி ரெண்டு தங்கல.” என் வயிற்றருகே பார்த்துச் சொன்னாள், நான்தான் அந்தக் கர்ப்பிணி என்பதுபோல. “கல்லு சர்க்காரோடது, நகத்தலாம். கரி ஆத்தாளோடது.”

என்னைக் காப்பாற்ற அவள் விட்டுவைத்த கரிதான் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி.

“கலியம்மா நெலம் நெசந்தானா?” என்று கேட்டேன்.

அம்மா கயிற்றைச் சுருட்டினாள்.

“சொல்லும்மா.”

“நெசந்தான். கல்லு இந்தாண்ட வந்ததும் கொல்லையோட கொல்லையா போச்சு. வரப்ப பெரியவரு ஒடைச்சிட்டாரு.”

“அவளப் பைத்தியம்னு எனக்கு மொதமொதல்ல சொன்னது நீ.”

“சொன்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற?” அம்மாவின் குரல் உயர்ந்தது. “நாளைக்கு மேரிக்கு வரச் சொன்னாரு. சான்று ரெடியா இருக்குது. ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேப்பாரு, போட்டுக் குடு. வேலைக்குப் போ. உன் வாயால நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம், எழுதித்தானே குடுக்கப் போற.”

எழுதினால் பொய் இல்லை என்று அவள் உண்மையிலேயே நம்பினாள். எழுத்துத் தெரியாதவள்.

புதன்கிழமை விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அம்மா வந்து என்ன எழுதுகிறாய் என்றாள். தமிழில் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டாள். அப்புறம் போய்த் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தாள். குடங்களை நிரப்பினாள். தவலை, அண்டா, மாட்டுத் தொட்டி, நெல் அவிக்கிற சால், சோறு வடிக்கிற சட்டி வரைக்கும் நிரப்பினாள். நான் புறப்பட்டபோதும் இறைத்துக்கொண்டேதான் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நேராக மேரிக்குப் போகவில்லை. வழியில் ஒரு வேலை இருந்தது.

மேரியில் தாழ்வாரம் காலியாக இருந்தது.

“கலியம்மா எங்க, காணோம்?” என்றார் ஆதிமூலம் என்னிடம். “மழை இடி எதுக்கும் வராம இருந்ததில்லையே.”

“என்னக் கேட்டா?”

உள்ளே சிவப்பிரகாசம் நாற்காலியில் இருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இதைப் பார்த்ததுமே எச்சரிக்கையாகிவிட்டேன். மேசைமேல் மூன்று தாள்கள். ஒன்று என் சான்று, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, மசிகூடக் காய்ந்திருந்தது. எப்போதோ போட்ட கையெழுத்து. நாலு மாதம் அது அவர் பெட்டியில்தான் இருந்திருக்கிறது. வியாழக்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

“பத்திரம் கேட்டியாமே,” என்றார். பழுப்பேறிய இரண்டாவது தாளைத் தள்ளினார். “நல்லாப் படி. உனக்குத்தான் பிரெஞ்சு வருமே.”

படித்தேன். பதினாறாம் கல், ஏரி மதகிலிருந்து இத்தனை மீட்டர். பதினெட்டாம் கல், கோவில் சுவரிலிருந்து இத்தனை மீட்டர். பதினேழாம் கல்: ஊரார் காட்டிய இடத்தில் நடப்பட்டது. அவ்வளவுதான். கீழே இரண்டு துரைகளின் கையெழுத்து, கொடி கொடியாக.

இதற்காகவா அம்மா என் காதைத் திருகினாள்?

“பாத்தியா?” என்றார் மேர். “சர்க்காருக்கு எடம் தெரியாது. ஊராரு காட்டறதுதான் எடம். அன்னிக்கு உங்கப்பன் காட்டினான். இன்னிக்கு நீ காட்டு.” மூன்றாவது தாள் வெற்றுத்தாள். “நட்ட நாள்லேர்ந்து பதினேழாம் கல்லு அதே எடத்துலதான் இருக்குது, எல்லையோரக் குடிங்க நாங்க அறிவோம்னு நல்ல பிரெஞ்சுல எழுதிக் கையெழுத்துப் போடு. படிச்ச பொண்ணு எழுதினா துரைங்க அப்பால மண்ணக் கிண்ட மாட்டாங்க.”

“நட்ட நாள்லேர்ந்து கல்லு அதே எடத்துலதான் இருக்குது,” என்றேன். “அது நெசம்தான். நட்டதே தப்பான எடத்துல.”

ஆதிமூலம் இருமினார்.

மேர் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். வாங்குவதற்குக் கை நீட்டினேன். பாதி வழியில் அவர் பேனாவை நிறுத்தினார். என் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தேய்த்தும் போகவில்லை. பத்து நகத்துக்கும் கரிக் கரை கட்டியிருந்தது.

அதுவரை நீ, வா, போ என்றிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இதோ பாரும்மா,” என்றார். “கொல்லை போனா எனக்கு வேற கொல்லை இருக்குது. கரி வெளிய வந்தா மொதல்ல உங்க வூடுதான் வெளிய போவும். தெரியுந்தானே?”

“தெரியும்.”

“கெணறு?”

“தெரியும்.”

“இந்தச் சான்று அப்புறம் செல்லாது. நீ பொறந்ததே இங்கிலீசு மண்ணுன்னு ஆயிடும். அந்தப் பக்கம் உன் பிரெஞ்சுப் படிப்ப வெச்சிக்கினு உப்பு வாங்கக்கூட முடியாது.”

“அதுவும் தெரியும்.”

“உங்கம்மாவுக்கு?”

“அம்மா தண்ணி ரொப்பி வெச்சிக்கினு இருக்கறாங்க.”

அவருக்கு அது விளங்கவில்லை. சான்றை எடுத்து என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். மேலே என் பெயர் அழகாக எழுதியிருந்தது: விருத்தாம்பாள், பச்சையப்பன் மகள், கரியமாணிக்கத்தில் பிறந்தவள். பொய் என்று தெரிந்த பிறகும் படிக்க நன்றாகத்தான் இருந்தது. பண்டசோழநல்லூர்ப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்திருந்தேன். கரும்பலகையில் ஒரு மூலை உடைந்திருந்தது. இருபத்திரண்டு பெண் குழந்தைகள்.

“ஒரு கையெழுத்து,” என்றார் மேர். “ஒரே ஒரு கையெழுத்துதானே கேக்கறேன்.”

“அதைக் காலையிலயே போட்டுட்டேன்,” என்றேன். “வேற தாள்ல.”

எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. ஆதிமூலத்துக்கு முதலில் புரிந்தது. வாசலுக்கு எழுந்தோடி, தாழ்வாரத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவள் ஒதிய மரத்தடியில், மறுபடி தோண்டித் திறந்த குழியின் ஓரத்தில், அவள் ஊர்க்காரர்கள் பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தாள். கல் நகர்ந்த கதையை நான் எழுதிய இரண்டு பக்கமும் அவள் மடியில் முடிந்திருந்தது. நாளைக்கு அதிகாரிகள் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். இருபது வருடம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பழகியவள், ஒரு நாள் மரத்தடியில் உட்கார மாட்டாளா?

“விருத்தா,” என்று பின்னாலிருந்து மேர் கூப்பிட்டார். என் பெயரை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். “சான்று இங்கயே இருக்குது பாரு.”

இருக்கட்டும் என்று படியிறங்கினேன்.